வழுக்கித்தான் விழுந்தேன்

ஜூன் 3, திங்கள்

கோயமுத்தூர் மூட்டு டாக்டரம்மா இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார். தினமும் எழுத வேண்டுமாம். எழுந்ததும் விரல் விறைப்பு எத்தனை நிமிடம், வலி பத்துக்கு எத்தனை மார்க், என்ன மாத்திரை போட்டேன், வேறு ஏதாவது உண்டா. அடுத்த மாதம் நான்காம் தேதி போகும்போது காட்ட வேண்டும். ஐம்பது வயதில் வீட்டுப்பாடம்.

உரக்கடையில் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. அதில் எழுதுகிறேன். பேனாவைப் பிடித்தாலே கட்டைவிரல் குத்துகிறது. வலியை எழுதுவதற்கு ஒரு தனி வலி. எந்தப் புண்ணியவதி கண்டுபிடித்த வைத்தியமோ.

டாக்டரம்மாவுக்கு நான் ஒரு ஃபைல் நம்பர்தான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பெயர் தமயந்தி. தாராபுரத்தில் ஆறுச்சாமி அண்ணனுடைய டிரைவிங் ஸ்கூலில் பதினான்கு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். இந்த ஊரில் பெண்கள் கார் பழக வேண்டுமென்றால் என்னிடம்தான் வந்தாக வேண்டும். பழகுகிறவர் வலது பக்கம் ஸ்டியரிங்கில். நான் இடது பக்கம். என் காலடியில் எனக்கென்று தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக். அந்த இடது பக்கத்து சீட்டில் போய் உட்காரத்தான் இத்தனை மாத்திரையும் தின்கிறேன். அதனால் "ஓய்வு எடுங்க" என்று மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.

விறைப்பு ஒரு மணி நேரம். வலி ஆறு.

ஜூன் 5, புதன்

விறைப்பு ஐம்பது நிமிடம். வலி ஆறு. பிரபாவதிக்கு வகுப்பு எடுத்த பிறகு எட்டு.

பிரபாவதி, மெடிக்கல் கடை தனசேகரின் சம்சாரம். முப்பத்தெட்டு வயது. இரண்டு தடவை டெஸ்ட்டில் தோற்றாயிற்று. காரணம் ஒன்றே ஒன்று. பிரேக் போட மாட்டாள். தெரியாமல் இல்லை, கால் பிரேக்கின் மேல்தான் இருக்கும். ஆனால் எதிரில் மாடு வந்தாலும் மனுஷன் வந்தாலும் திரும்பி என் முகத்தைப் பார்ப்பாள். அதற்குள் நான் என் பக்கத்துப் பிரேக்கை மிதித்திருப்பேன். முட்டியில் உயிர் போய் உயிர் வரும்.

"பிரேக்கு எதுக்கு இருக்குது பிரபா? கால் வெச்சுக்கற முக்காலியா அது?"

"நீங்கதான் போட்டுருவீங்களேங்க்கா."

"டெஸ்ட்ல எனக்குப் பதிலா இன்ஸ்பெக்டரு உக்காந்திருப்பாரு. அவுரு உன்ற மாமனா, உனக்குப் பதிலாப் போட்டுக் குடுக்க?"

சிரிக்கிறாள். திட்டினால் சிரிக்கிற ஜென்மத்தை என்ன செய்ய? "நீங்க திட்டிக்கிட்டே வந்தாத்தானுங்க்கா எனக்குத் தைரியமா இருக்குது" என்கிறாள். அப்புறம் நான் மூச்சு விடாமல் திட்டிக்கொண்டே வந்தேன்.

டாக்டரம்மா எழுதிய மாத்திரைகள் எல்லாம் போட்டாயிற்று.

ஜூன் 7, வெள்ளி

ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே பாட்டு. "தமயந்தி, கொஞ்சம் பூசினாப்ல, கன்னமெல்லாம் வெச்சு, மொகம் பளபளன்னு இருக்குதே! நோவுக்காரின்னு யாராச்சும் சொல்லுவாங்களா?" கேட்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். முகம்தான் உருண்டையாகிறதே தவிர கையும் காலும் குச்சியாக இருக்கின்றன. லேசாக இடித்தால்கூடக் கன்றிப்போகிறது. வயது அல்லவா.

பாராட்டு முடிந்த கையோடு அடுத்த வாக்கியம் முடக்கத்தான் கீரை. தோசையில் அரைத்து ஊற்று, ரசத்தில் போடு, எண்ணெயில் காய்ச்சித் தேய். இந்த மாதம் இதுவரை ஒன்பது பேர். நான் தின்ற முடக்கத்தானுக்கு இந்நேரம் மான் மாதிரி துள்ளியிருக்க வேண்டும்.

பந்தியில் நின்ற வலிக்கு ராத்திரி ஒரு செட்டு கூடுதலாகப் போட்டுக்கொண்டேன். செட்டு என்றால், தனசேகர் கடையில் "வலிக்கு ஒரு செட்டு" என்று கேட்டால் தருவது. டப்பாக்களிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பேப்பரில் மடித்துக் கொடுப்பார். ஒரு பெரிய வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு குட்டி வெள்ளை, ஒரு பச்சைக் கேப்சூல். பெயர் எதுவும் கிடையாது. ஊரே வாங்குகிறது. ஒன்றரை வருடமாகக் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. இதையெல்லாம் மாத்திரைக் கணக்கில் எழுத முடியுமா? டீ குடித்ததை எழுதுகிறோமா என்ன? டாக்டரம்மாவின் மாத்திரை வேலை செய்ய மூன்று மாதம் பிடிக்கும் என்றார். செட்டுக்கு அரை மணி நேரம் போதும்.

காட்டும்போது இந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 10, திங்கள்

வலி ஐந்து. முடக்கத்தான் தோசை.

ஜூன் 12, புதன்

தனசேகர் கடை பூட்டிக் கிடக்கிறது. ஷட்டரில் ஒரு அட்டை: ஞாயிறு வரை விடுமுறை. குடும்பத்தோடு ராமேஸ்வரம் போயிருக்கிறார்களாம். பிரபாவும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பத்து செட்டு வாங்கி வைத்திருக்க மாட்டேனா?

பஸ் ஸ்டாண்டு மெடிக்கலில் கேட்டுப் பார்த்தேன். "டாக்டர் சீட்டு இல்லாம உதிரியாத் தர்றதில்லீங்க" என்றான். பெரிய அரிச்சந்திரன். கைவசம் இருந்த கடைசிச் செட்டை ராத்திரி போட்டுவிட்டேன்.

ஜூன் 13, வியாழன்

விறைப்பு இரண்டு மணி நேரம். வலி எட்டு. சோறு இறங்கவில்லை. உட்கார்ந்து எழுந்தால் கண்முன் பூச்சி பறக்கிறது. வெயில்தான். இந்த ஊரில் இப்போது காற்றுக்காலம், வெயிலே இல்லை என்கிறார் இவர். சரி, அப்படியானால் பித்தம்.

ஜூன் 14, வெள்ளி

வலி பத்துக்குப் பதினொன்று. வேலைக்குப் போனேன்.

ஜூன் 15, சனி

பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன். சோப்பு. வலது புருவத்துக்கு மேல் நாலு தையல்.

அவ்வளவுதான் விஷயம். ஆனால் இவர் விட மாட்டேன் என்கிறார். இவர் என்றால் என் வீட்டுக்காரர் குப்புராஜ், தறிப்பட்டறையில் ஃபிட்டர். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் மொத்தமாக நாற்பது வார்த்தை பேசியிருப்பார். இப்போது துப்பறிகிறார். "இன்னும் தண்ணியே ஊத்தலயே தமயா. தரை காஞ்சில்ல கெடந்துது?" காய்ந்த தரையில் சோப்பு வழுக்காதா? இவர் என்ன விஞ்ஞானியா?

கண்ணைத் திறந்தபோது என் தலை அவர் மடியில் இருந்தது. சொம்பிலிருந்து தண்ணீரை என் முகத்தில் அடித்து அடித்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டாரோ தெரியவில்லை, தொண்டை கட்டிப்போயிருந்தது. வழுக்கி விழுந்தவளுக்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்? சட்டையெல்லாம் ரத்தம் வேறு. ஊறப்போட்டும் போகவில்லை.

தையல் போட்ட டாக்டர் பி.பி. குறைவாக இருக்கிறது என்றார்.

"மயங்கி விழுந்தீங்களாம்மா?"

"வழுக்கிங்க."

"வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறீங்களா?"

"மூட்டு டாக்டரு எழுதினது மட்டுந்தானுங்க."

ரத்தம் பரிசோதிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். பார்க்கலாம்.

ஜூன் 16, ஞாயிறு

ஆறுச்சாமி அண்ணன் சாத்துக்குடியோடு வந்தார். நல்ல மனுஷர். பதினான்கு வருடத்தில் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, தையலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அம்மணி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. வழுக்கி விழுந்தியா, மயங்கி விழுந்தியா?"

"வழுக்கிங்ணா."

"வழுக்கின்னா ரெண்டு நாள் இருந்துட்டு வா. மயங்கின்னா அந்த சீட்ல உன்ன உக்கார வெக்க முடியாதும்மா. பக்கத்துல இன்னொரு உசுரு இருக்குது."

"வழுக்கித்தானுங்ணா விழுந்தேன்."

இவர் உள்ளே டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவினார்.

அண்ணன் போன பிறகு எனக்கு அழுகை வந்தது. கோபத்தில்தான். அந்த சீட்டுக்கு வந்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. "பொம்பள கத்துக் குடுத்து பொம்பள ஓட்டி வெளங்குமா" என்று டீக்கடையில் பேசினவன் எல்லாம் இன்று தன் மருமகளை என்னிடம்தான் அனுப்புகிறான். வீட்டில் உட்கார வைத்தால் நான் விரல்களை எண்ணிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் எல்லாம் போச்சு.

ஜூன் 17, திங்கள்

கடை திறந்துவிட்டது! காலையில் ஒரு செட்டு. அரை மணி நேரத்தில் எழுந்து நடந்தேன், இட்லி நாலு சாப்பிட்டேன், கண்முன் பூச்சியும் இல்லை புழுவும் இல்லை.

இதிலிருந்து என்ன தெரிகிறது? செட்டு இல்லாத நாளில்தான் உடம்பு படுத்துகிறது. செட்டுதான் என்னைத் தாங்கிப் பிடிக்கிறது. ரத்தப் பரிசோதனை எல்லாம் தண்டம்.

ஜூன் 20, வியாழன்

விறைப்பு நாற்பது நிமிடம். வலி ஐந்து. வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். பிரபா இன்றைக்கும் பிரேக் போடவில்லை.

இவருக்குத்தான் என்னமோ ஆகிவிட்டது. தினமும் நான் குளிக்கப் போனால் பாத்ரூம் வாசலில் சேரைப் போட்டு உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.

"ஏனுங்க, இங்க வந்து என்ன பேப்பரு?"

"காத்து நல்லா வருது."

பாத்ரூம் வாசலில் என்ன காற்று வரும் என்பது ஊருக்கே தெரியும். உள்பக்கத் தாழ்ப்பாளையும் காணோம். கழன்றுவிட்டதாம். முழுத் தறியைப் பிரித்து மாட்டுகிற மனுஷனுக்கு ஒரு தாழ்ப்பாள் மாட்ட நேரமில்லை. குளிக்கும்போது நடுவில் நடுவில் "தமயா" என்கிறார். "என்னுங்க" என்றால் "ஒண்ணுமில்ல" என்கிறார். எரிச்சலாக வருகிறது.

ஜூன் 25, செவ்வாய்

தனசேகர் கையை விரித்துவிட்டார். "செக்கிங் வர்றாங்களாமுங்க்கா. ஒரு பத்து நாளைக்கு செட்டுன்னு வாயவே தொறக்காதீங்க."

"எனக்கு மட்டும் ரெண்டே ரெண்டு."

"ஐயோ, மெதுவாப் பேசுங்க்கா."

ஏதோ கஞ்சா வாங்க வந்தவளைப் போலத் துரத்தினார். ஒன்றரை வருடமாக மடித்து மடித்துக் கொடுத்த கைதான் இது.

ஜூன் 26, புதன்

விறைப்பு ஒன்றரை மணி நேரம். வலி ஏழு.

வகுப்பில் பிரபாவிடம் கேட்டேன். "உன்ற வீட்டுக்காரருக்குத் தெரியாம ரெண்டு செட்டு எடுத்தாந்து குடு கண்ணு. காசு குடுத்தர்றேன்."

அவள் சிரிக்கவில்லை. எப்போதும் சிரிக்கிறவள். "அது வேண்டாமுங்க்கா" என்றாள்.

"ஏன்? உங்க கடை மாத்திரைதான?"

ரோட்டைப் பார்த்தபடியே ஓட்டினாள். திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள். புருஷனுக்கு இவ்வளவு பயந்த பெண்ணை நான் பார்த்ததே இல்லை.

ஜூன் 27, வியாழன்

இரண்டு தடவை வாந்தி. பித்தம். மார்க் போட மனசில்லை.

"நாளைக்கு லீவு போடு தமயா" என்றார் இவர். லீவு போட்டால் அண்ணன் மறுபடியும் அந்தக் கேள்வியோடு வந்து நிற்பார். பிரபாவுக்கு அடுத்த வாரம் மூன்றாவது டெஸ்ட். நான் போவேன்.

ஜூலை 1, திங்கள்

(அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அவளுக்கு வலது மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்று உத்தரவு. குப்புராஜ்.)

வெள்ளிக்கிழமை வாய்க்கால் ரோட்டில் ஒரு சின்ன விபத்து. வண்டி குலுங்கியதில் கை போய் முன்னால் இடித்து

(குலுங்கியதில் இல்லை. மயங்கிவிட்டாள்.)

ஏனுங்க, என்னத்த எழுதறீங்க? நான் சொன்னத மட்டும் எழுதுங்க.

(எழுதுகிறேன்.)

தேங்காய் மட்டை ஏற்றிய ஒரு டிராக்டர் எங்களுக்கு முன்னால் போனது. அது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். மீதி எல்லாம் பிரபா சொன்னது. ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பக்கம் அழுதுகொண்டே சொன்னாள்.

"நீங்க திட்டிக்கிட்டே வந்தீங்க்கா. திடீர்னு சத்தமே இல்ல. பரவால்ல, நாம நல்லா ஓட்டறமாட்ட இருக்குதுன்னு ஒரு நிமிசம் சந்தோசப்பட்டுட்டேன். அதுக்குள்ள டிராக்டரு நின்னுருச்சு. உங்க மொகத்தப் பாத்தேன். தலை கதவுல சாஞ்சு கெடக்குது."

மிதித்துவிட்டாள். இரண்டு காலாலும் சேர்த்து மிதித்தாளாம். ஸ்டியரிங்கையும் இடது பக்கமாக ஒடித்துவிட்டாள். வண்டி என் பக்கமாகப் பாலத்துச் சுவரில் உரசி நின்றது. டிராக்டருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்ததாம்.

ஆஸ்பத்திரியில் எத்தனை பாட்டில் ஏற்றியும் எனக்கு பி.பி. ஏறவில்லை. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டாராம். இவர் மூட்டு டாக்டரின் சீட்டைக் காட்டினார்.

(செட்டு எனக்கும் தெரியும். அதை மாத்திரை என்று எனக்கும் தோன்றவில்லை. என் தப்பு.)

அப்போது பிரபா எழுந்து வெளியே போனாளாம். அரை மணி நேரம் கழித்து வந்து, நாள்காட்டியில் கிழித்த ஒரு தாளை டாக்டர் கையில் கொடுத்தாள். அதில் நாலு பெயர். தனசேகர் சாப்பிடப் போன நேரம் பார்த்துக் கடைக்குள் புகுந்து, டப்பா டப்பாவாகப் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். டாக்டர் அந்தக் குட்டி வெள்ளையின் பெயரில் விரலை வைத்து, "இத எத்தன நாளா?" என்றாராம். இவர் "ஒன்றரை வருசமுங்க" என்றதும் நர்ஸைக் கூப்பிட்டு ஓடினார். ஒரு ஊசி. ஒரு மணி நேரத்தில் நான் கண்ணைத் திறந்து, செருப்பு எங்கே என்று கேட்டேனாம்.

ஸ்டீராய்டாம். உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஒன்று உண்டு. வெளியிலிருந்துதான் வருகிறதே என்று அது சுரப்பதையே விட்டுவிட்டது. திடீரென்று வெளியிலிருந்தும் வராவிட்டால் தாங்குவதற்கு ஒன்றும் இருக்காது, சாய்ந்துவிடும். டாக்டர் இதை மூன்று விதமாக விளக்கினார். எனக்கு முதல் தடவையே புரிந்தது. நானே பிரேக் போட்டுப் போட்டு ஒருத்தியைக் கெடுத்து வைத்திருந்தவள் அல்லவா?

ஊரே மெச்சிய பூசினாப்ல முகமும் அந்த ஸ்டீராய்டு கொடுத்த வீக்கம்தானாம்.

பிரபா கடைசியில் ஒன்று சொன்னாள். "எங்க மாமியாருக்கும் முட்டி வலிங்க்கா. போன வருசம், ஒரு செட்டு கொண்டாந்து குடுங்களேன்னு இவருகிட்டக் கேட்டேன். எங்கம்மாவக் கொல்லப் பாக்கறியான்னு அடிக்கவே வந்துட்டாரு. அன்னைல இருந்து உங்க மொகத்தப் பாக்கறப்பெல்லாம் சொல்லணும்னு நெனப்பனுங்க்கா. தைரியம் வரல."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

(நானும் ஒன்று சேர்க்கிறேன். பாத்ரூமில் விழுந்தது முதல் தடவை இல்லை. பொங்கலுக்கு மூன்று நாள் கடை பூட்டியிருந்தபோது, வாசலில் கோலம் போட்டுவிட்டு எழும்போது சரிந்தாள். படி தடுக்கியது என்றாள். நானும் சரி என்றேன்.)

எழுதிட்டீங்களா? படிச்சுக் காட்டுங்க.

(காட்டவில்லை.)

ஜூலை 2, செவ்வாய்

(இன்றும் நான்தான் எழுதுகிறேன்.)

தனசேகர் ஆப்பிளோடு வந்தார். உட்காரவில்லை.

"அக்கா, கோயமுத்தூர்ல கேட்டாங்கன்னா கடை பேரு மட்டும் வேண்டாமுங்க. நான் உதவிதான பண்ணுனேன்? நீங்கதான கேட்டீங்க?"

அதுவும் வாஸ்தவம்தான். நான்தான் கேட்டேன். தினமும் கேட்டேன். கொடுக்காத அன்றைக்குச் சண்டை போட்டேன்.

"நான் கேட்டேன் தனசேகரு. உங்கம்மாவுக்கு பிரபா கேட்டாளே, அதுக்கு மட்டும் ஏன் குடுக்கல?"

அவர் ஆப்பிள் பையைக் கீழே வைத்தார். கடைசியில், பிரபாவை இனிமேல் கிளாசுக்கு அனுப்புவதாக இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஆப்பிளைத் திருப்பிக் கொடுத்தனுப்பச் சொன்னேன். இவர் வாசல் வரை போய் அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

ஜூலை 4, வியாழன்

(கோயமுத்தூர் போய் வந்தோம். டாக்டரம்மா டைரியில் மடித்திருந்த பக்கத்தைத்தான் முதலில் பிரித்தார். கடை பெயரை இவளே சொன்னாள். அந்த மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும், ஒரு வேளைகூட விடக் கூடாது என்றார். ஆறு மாதத்துக்கு அந்த சீட்டில் உட்காரவே கூடாது என்றார். அதற்குப் பிறகும் பார்த்துத்தான் சொல்வாராம். திரும்பி வரும்போது பஸ்ஸில் இவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.)

ஜூலை 8, திங்கள்

இடது கையால் எழுதுகிறேன். இவரை நம்பி இனி டைரியைக் கொடுக்க முடியாது. ஒரு வரிக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. ஆகட்டும்.

மத்தியானம் ஆறுச்சாமி அண்ணன் வண்டியின் இன்ஷூரன்ஸ் பாரத்தோடு வந்தார். "விபத்து எப்படி நடந்தது?" என்று போட்டு, கீழே நாலு கோடு. அண்ணன் பென்சிலில் எழுதிக் கொண்டுவந்திருந்தார்: கற்றுக்கொள்பவரின் கவனக்குறைவால் வாகனம் பாலத்துச் சுவரில் மோதியது.

"இதுக்கு மேல பேனாவுல எழுதிக் கையெழுத்துப் போடு அம்மணி. மயக்கம் கியக்கம்னு எதுவும் வேண்டாம். ஆறு மாசங்கழிச்சு உடம்பு தேறி வந்தீன்னா அந்த சீட்டு உனக்குத்தான். அப்பப் பழைய பேப்பர ஒருத்தனும் நோண்ட மாட்டான்."

"பிரபா?"

"அந்தப் புள்ளையத்தான் வீட்ல நிறுத்தீட்டாங்களே. அதுக்கு என்ன நட்டம்? அதுக்குத் தெரியக்கூடப் போறதில்ல."

உண்மைதான். தெரியப்போவதில்லை. தெரிந்தாலும் சிரிப்பாள்.

எனக்கு அந்த சீட் வேண்டும். இப்போதும் வேண்டும். காலையில் எழுந்து இந்த உடம்பைக் கூட்டிச் சேர்த்து நிறுத்துவதற்கு வேறு காரணம் எனக்கு என்ன இருக்கிறது? ஒரு கையெழுத்துதான். ஆனால் அந்தப் பெண் தன் வாழ்நாளில் யார் முகத்தையும் நம்பாமல் தானாகப் போட்ட ஒரே பிரேக் அது. அதைப் போய்க் கவனக்குறைவு என்று எழுதச் சொல்கிறது இந்தப் பாரம். நான் பார்த்துப் பார்த்துத் திட்டினவள். எனக்கு உயிரைக் கொடுத்துவிட்டு வகுப்பை இழந்தவள்.

"ரப்பர் இருக்குதுங்ளாண்ணா?"

இவர் எழுந்துபோய் எடுத்து வந்தார். தாளை அசையாமல் பிடித்துக்கொண்டார். பென்சிலை அழித்தேன். இடது கையால் எழுதினேன்:

கற்றுக்கொடுக்கும் நான் ஓடும் வண்டியில் மயங்கிவிட்டேன். இதற்கு முன்பும் இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறேன், யாரிடமும் சொல்லவில்லை. பிரேக் போட்டு வண்டியை நிறுத்தி இரண்டு உயிரையும் காப்பாற்றியவர் கற்றுக்கொள்பவர் பிரபாவதி. அவர் மேல் எந்தத் தவறும் இல்லை.

நாலு கோடு போதவில்லை. ஓரத்தில் இறங்கி எழுதினேன். 'மயங்கி' என்ற வார்த்தையை மட்டும் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் போட்டேன். கையெழுத்தும் போட்டேன்.

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"இடது கையிங்ணா. கோணக்கோணயா இருக்குது. படிக்க முடியுதுங்ளா?" என்றேன்.

"நல்லாத் தெரியுது அம்மணி" என்றார்.